விஜயதசமி கமிட்

தேவசேனாவுக்கு அந்தக் கறுப்புத் திரையின் மேல் ஒரு பைத்தியம். திருப்பதியில், அலிபிரி போகிற ரோட்டில் கேசவன் நடத்தும் சின்ன மென்பொருள் கம்பெனியில் ஏழு பேர் வேலை பார்க்கிறார்கள். லாட்ஜுகளுக்கு அறை ஒதுக்கும் மென்பொருள்தான் அவர்கள் பிழைப்பு. மற்ற ஆறு பேரும் கலர் கலராக ஜன்னல்களைத் திறந்து, மௌஸை உருட்டித் தங்கள் மாற்றங்களைச் சேமிப்பார்கள். இவள் மட்டும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' என்கிற கருவியைக் கறுப்புத் திரையில் ஓடவிட்டு அதனோடு பேசிக்கொண்டே வேலை செய்வாள். அவள் செய்த மாற்றங்களை அது துண்டு துண்டாகக் காட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் நின்று, இதைச் சேர்க்கவா என்று கேட்கும். Y அமுக்கினால் சேரும். N அமுக்கினால் விட்டுவிடும். கடைசியில் கமிட் போட்டால், சேர்த்ததை மட்டும் அவள் பெயரும் நேரமும் போட்டு நிரந்தரமாகப் பதிந்துகொள்ளும்.

இதில் என்ன பைத்தியம் என்று கேட்பவர்களுக்கு நகரியில் அவள் வீட்டைத் தெரியாது. பவர்லூம் ஓட்டும், அவளைப் பெற்ற நைனா கன்னையா அவளைக் கேட்காமலே தெலுங்கு மீடியத்தில் சேர்த்தார். மாமா அவளைக் கேட்காமலே கம்ப்யூட்டர் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். அவளுக்குக் கத்திரிப்பூ நிறம்தான் எடுக்கும் என்று அத்தை இருபது வருஷமாகச் சொல்லி வருகிறாள். அலமாரி முழுக்கக் கத்திரிப்பூ. இருபத்துமூன்று வயதில் முதல் முறையாக ஒன்று அவளிடம் எடுத்ததற்கெல்லாம் வேணுமா வேண்டாமா என்று கேட்கிறது. சந்தோஷம் வராமல் என்ன செய்யும்?

ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் ஆக்குவேன் என்று கேசவன் சொல்லியிருந்தார். அந்த ஆறு மாதம் விஜயதசமியோடு முடிந்தது.

கேசவன் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டர்களை எல்லாம் பூஜையில் வைத்துவிடுவார்கள்; யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி நல்ல நேரத்துக்குள் ஆளுக்கு ஒரு கமிட்டாவது போட்டு வேலையைத் தொடங்க வேண்டும். இந்த வருஷம் நல்ல நேரம் பத்தேகால் வரைக்கும். பதினொரு மணிக்கு லாட்ஜ் முதலாளி வந்து புது மென்பொருளை ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு.

தேவசேனா பத்து மணிக்கு உட்கார்ந்தாள். ஒரே அறை இரண்டு குடும்பத்துக்குப் போய்க்கொண்டிருந்த கோளாறை அவள் பூஜைக்கு முன்பே சரிசெய்து வைத்திருந்தாள். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே என்று, அறையில் தங்குபவர்களாக ஆபீஸ்காரர்களின் பெயர்களையும் வீட்டு ஆட்களின் பெயர்களையும் போட்டு, ஒவ்வொருவருக்கும் விஷமமாக ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள். அவள் அதைப் பிரிப்பதற்குள் கம்ப்யூட்டர் பூஜைக்குப் போய்விட்டது. பரவாயில்லை, துண்டு துண்டாகக் கேட்கும், வேண்டாததை விட்டுவிடலாம்.

முதல் இரண்டு துண்டும் கோளாறைச் சரிசெய்தவை. Y, Y. மூன்றாவதாக வந்தது, ஆபீஸைப் பெருக்கிப் பூஜை வேலையும் பார்க்கும் சந்திரம்மா: 'அறை 204. வெள்ளைச் சுவர் உள்ள அறை தரவேண்டாம், சந்தனம் பூசிவிடுவார்.'

N அமுக்கினாள். அமுங்கவில்லை. குனிந்து பார்த்தால் சந்திரம்மாவின் பக்தி அந்தப் பொத்தானுக்குள் இறங்கிச் சிமென்டாக இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினாள், ஊதினாள், குத்தினாள். சந்தனம் மணந்தது, அவ்வளவுதான். மணி பத்து எட்டு.

நல்ல வேளையாக J ஞாபகம் வந்தது. சேர்க்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், அடுத்ததைக் காட்டு என்பதற்கு J. அமுக்கினாள். சந்திரம்மா போனார். அடுத்த துண்டு திரையில் விரிந்தபோது முதுகுக்குப் பின்னால் கேசவன் நின்றிருந்தார்.

"இன்னாமா, ஆச்சா?" என்றவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாகவே படித்தார். "'கேசவன். அறை 101. குறட்டை பயங்கரம். பக்கத்து அறையைக் காலியாக விடவும்.'"

போச்சு, வேலை போச்சு என்றே நினைத்தாள் தேவசேனா. துண்டோ அவள் பதிலுக்காக நகராமல் நின்றது. அது கேட்கிற குணத்தின் மேல் அவளுக்கு முதல் முறையாக எரிச்சல் வந்தது.

"அடுத்தது காட்டு," என்றார் கேசவன்.

J.

"'கன்னையா. அறை 305. பவர்லூம் ஓட்டி ஓட்டிச் சத்தம் இல்லாட்டித் தூக்கம் வராது. லிஃப்ட் பக்கத்தில் அறை தரவும்.' யார் இது?"

"எங்க நைனா சார்."

"நெஜமாவா?"

"கரண்ட் போனா முழிச்சிக்கினு உக்காந்திருப்பாரு சார்."

கேசவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அவளுக்கும் பயமும் சிரிப்பும் சேர்ந்து விக்கல் எடுத்துவிட்டது.

"லாட்ஜ்காரர் மூணு வருஷமா இந்த மாதிரி குறிப்பத்தாம்மா கேக்கிறாரு. சத்தம்னு கம்ப்ளெய்ன்ட் வந்தா ஆள எங்க மாத்தறதுன்னு தெரியலயாம். ஏன் ஒரு ரூம காலியா விடணும்? எனக்குப் பக்கத்துல உங்க நைனாவப் போடு. ரெண்டு பேரும் தூங்கிடுவோம்."

K அமுக்கிப் பின்னால் போகச் சொன்னார். தன் துண்டு வந்ததும் குனிந்து, தானே Y அமுக்கினார். கன்னையாவுக்கும் ஒரு Y.

"ரூம் நம்பர அப்புறம் மாத்திக்கலாம், பேரு இப்டியே இருக்கட்டும். லாட்ஜ்காரருக்கு என் குறட்டை தெரியும்."

பத்து பதின்மூன்றுக்கு அவள் விக்கலோடு கமிட் போட்டு அனுப்பினாள்.

"நாளைக்கி உன் ஆர்டர் ரெடியாயிடும்," என்றார் கேசவன். கதவு வரை போனவர் திரும்பினார். "பர்மனென்ட் ஆக்கிடலாம்னு இருக்கேன். உனக்குச் சரிதானே?"

ஒரு மனுஷர் கேட்டாரே என்று தேவசேனா ஒரு நிமிஷம் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.