முள் தடுமாறும் கரை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவள் எரிமலைதான். கறுப்புப் பாறைக் கரையில் சுற்றுலா வந்தவர்களை நடத்திக் கூட்டிப்போய், எரிமலைக் குழம்பு ஆறிக் கல்லான கதையைச் சொல்வது அவள் வேலை. கோபமும் அந்த ரகம் என்பதால் பேர் ஒட்டிக்கொண்டது.

கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவள். சுற்றுலா அலுவலகத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தவளை, பாறை ஆராய வந்தவர்களுக்கு வழிகாட்ட அனுப்பினார்கள். கேள்வி மேல் கேள்வி கேட்டு அவர்களை ஒருவழி பண்ணிவிட்டாள். இன்று கரையில் நிற்கும் ஆறுபட்டைக் கல்தூண்களைக் காட்டி அவள் பேசினால் குழந்தைக்கும் புரியும்.

“சேறு காஞ்சா வெடிக்குது இல்ல? அதே கதைதான். குழம்பு ஆறும்போது சுருங்கி வெடிச்சு, தூண் தூணா நின்னுடுச்சு. யாரும் உளி வச்சுச் செதுக்கல.”

தகராறு தூண்களில் இல்லை. அதைத் தாண்டி நட்டிருந்த பலகையில் இருந்தது. ‘சுக்கானி உறங்கியதால் சரக்குக் கப்பல் இங்கே பாறையில் மோதி மூழ்கியது’ என்று எழுதியிருந்தார்கள். சுக்கான் பிடித்துக் கப்பலைத் திருப்பிய அந்தச் சுக்கானி அவளுடைய சொந்த அண்ணன். பதினோரு வருடத்துக்கு முன்னால், மூடுபனியில் நடந்த விபத்து. கப்பலில் இருந்தவர்கள் எல்லோரும் நீந்திக் கரையேறினார்கள். கப்பலோடு மூழ்கியது அவன் பேர் மட்டும்தான்.

“திசைகாட்டி முள்ளு காட்டின வழியிலதான் வந்தேன்” என்று விசாரணையில் சொன்னான். சிரித்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றோடு கடல் பக்கம் போவதை விட்டான். வீட்டில் உட்கார்ந்து மின்விசிறி பழுது பார்த்தான். விபத்தைப் பற்றி அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆராய்ச்சிக்காரர்கள் ஒருநாள் திசைகாட்டியைப் பாறையருகே கொண்டுபோனார்கள். முள் கிறுகிறுவென்று திரும்பியது. கல்லில் இரும்பு இருக்கிறது, காந்தமாகி முள்ளை இழுக்கிறது என்றார்கள். எரிமலைக்கு வயிறு எரிந்தது. பலகையை மாற்றச் சொல்லி மூன்று மனு கொடுத்தாள். மூன்றும் கிணற்றில் போட்ட கல். சரிதான் போ என்று, கூட்டிப்போகிற ஒவ்வொருவர் கையிலும் திசைகாட்டியைக் கொடுக்க ஆரம்பித்தாள். விஷயம் அலுவலகத்துக்குப் போயிற்று. எழுதிக்கொடுத்ததைத் தவிர ஒரு சொல் பேசினாலும் வேலை போய்விடும் என்று எச்சரித்து, மேற்பார்வையாளரையே அவளுடன் அனுப்பினார்கள்.

பலகை முன்னால் வந்ததும் அவர் தொண்டையைச் செருமினார். “படிச்சுக் காட்டும்மா.”

ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தாள். “படிச்சாச்சு சார். இப்ப இதைப் பிடிங்க. வடக்கு எதுன்னு கையை நீட்டிக்கிட்டே அந்தப் பாறையை ஒட்டி நடங்க.”

பத்துப் பதினைந்து பேர் பார்க்கிறார்கள், மாட்டேன் என்று சொல்ல முடியுமா மனிதர்? நடந்தார். முள் திரும்பத் திரும்ப அவர் கையும் திரும்பியது. கடலைக் காட்டிக்கொண்டிருந்த விரல் கடைசியில் டீக்கடையைக் காட்டியது.

“சார், நீங்க முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

கூட்டம் சிரித்த சிரிப்பில் அவர் முகம் சுண்டிப்போயிற்று. “அட்டையைக் கழட்டு!”

கழற்றி அவர் கையிலேயே கொடுத்தாள். “அட்டை உங்களுது. கரை யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்ல.” பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “இன்னும் பாதி நடை இருக்கு. அலை ஏறுறதுக்குள்ள குகையைப் பாத்துடலாம், வாங்க.”

ஒருவர் பாக்கியில்லாமல் பின்னால் போனார்கள்.

சாயங்காலம் அண்ணன் ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். பையை டொம்மென்று வைத்தாள்.

“என் வேல போச்சு. போனா போகட்டும். நாளைக்கும் போவேன், அட்டை இல்லாம போவேன்.” நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள்.

“உன்னை யாரு கேட்டா?” என்று சீறினான். “செத்த பாம்பை எதுக்குடி அடிக்கிற?”

“எங்க செத்துச்சு? பலகை மேல ஏறி நின்னு படமெடுக்குது!”

அவன் குனிந்து ஒரு திருகாணியைத் தேடினான். கிடைத்தது. அதைப் பொருத்தவில்லை.

“எந்தப் பாறையைக் காட்டுற?”

“பலகைக்கு நேரா இருக்கே, ரெட்டைப் பாறை.”

“அறிவு இருக்கா உனக்கு? அங்க முழங்கால் தண்ணிகூடக் கிடையாது. கப்பல் எப்படி வரும்? அதையும் தாண்டி ஒத்தையா ஒண்ணு நிக்கும், அதுதான்.”

“நீ வாயைத் திறந்தாத்தானே எனக்குத் தெரியும்!” என்று கத்தினாள். அழுகை வந்துவிட்டது.

அவன் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் அழுத்தித் துடைத்தான்.

“நாளைக்கு நானும் வரேன். நானே காட்டுறேன்.”