மிதவையில் புதுப் பெயிண்ட்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அவருடைய மனைவிகூட மறந்திருப்பாள். ஊரில் அவர் தராசு. கடைகளுக்குப் போய் எடைக்கல்லையும் தராசையும் சோதித்துப் பார்த்து முத்திரை போடுகிற அரசு உத்தியோகம். இருபத்தாறு வருஷம் அடுத்தவன் தட்டுக்கு அடியில் என்ன ஒட்டியிருக்கிறதென்று தடவிப் பார்த்தே பழகிய கை. ஒட்டியும் இருந்திருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். புளி உருண்டை, காந்தம், மெழுகு, ஒரு தடவை யாரோ மென்று துப்பிய சூயிங்கம்.

உத்தியோகம் சாயங்காலத்தோடு முடிந்தால் பரவாயில்லை. இந்த மனுஷனுக்கு முடியாது. மனைவி வாங்கி வந்த வெங்காயத்தை வீட்டில் மறுபடி நிறுப்பார். மருந்துப் பட்டையில் மாத்திரையை எண்ணுவார். "கல்யாணத்தன்னிக்கே என்னைத் தட்டுல உக்கார வெச்சுப் பாத்திருப்பாரு, கூட்டம் இருந்ததால விட்டுட்டாரு" என்று அந்த அம்மாள் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இப்பேர்ப்பட்டவர் போய்ச் சேர்ந்த விளையாட்டைப் பாருங்கள். பாய்மரப் படகுப் பந்தயம்! வாராவாரம் புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, படகு கிளப்பில். தண்ணீரில் மூன்று இடத்தில் மிதவை போட்டிருக்கும். அவற்றைச் சுற்றிக்கொண்டு வந்து சேர வேண்டும். மிதவையைத் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் தண்டனையாகப் படகை ஒரு முழு வட்டம் அடித்துவிட்டுத்தான் மேலே போகலாம். சரி, தொட்டதை யார் பார்ப்பது? யாருமில்லை. புறப்படுகிற இடத்தில் மட்டும் கிளப் செயலாளர் ஒரு சின்னப் படகில் விசிலோடு உட்கார்ந்திருப்பார். மற்றபடி தொட்டவனேதான் தொட்டேன் என்று சொல்லிச் சுற்ற வேண்டும். கரைக்கு வந்ததும் சுவரில் தொங்குகிற தாளில், 'விதிப்படி ஓட்டினோம்' என்ற வரிக்குக் கீழே சுக்கான் பிடித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் காவல், அவ்வளவுதான் கோர்ட்டு.

முதல் வாரம் அந்தத் தாளைப் பார்த்ததும் தராசுக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம். "இது நடக்கிற காரியமா?" என்று கேட்டாராம். கேட்டாரே ஒழிய, ஒன்பது வருஷமாக ஒரு புதன்கிழமையும் விடாமல் ஓட்டியிருக்கிறார். ஒவ்வொரு வாரமும் மற்ற படகுகளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.

படகில் நாலு பேர். சுக்கானில் தராசு. பெரிய பாயின் கயிற்றில் மருந்துக்கடைக்காரர். நல்ல மனுஷர், கண் மட்டும் கொஞ்சம் மட்டம். முன்பாயின் கயிற்றில் தபால்காரம்மா. தெருத்தெருவாகச் சைக்கிள் மிதித்த உடம்பு, கயிற்றைப் பிடித்தால் காற்று கெஞ்ச வேண்டும். படகின் மூக்கில், எல்லாருக்கும் முன்னால், தராசின் மைத்துனன். மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக்.

மூக்கில் இருப்பவன் வேலை என்னவென்று தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது விளங்கும். முன்பாய் விரிந்துவிட்டால் இடப்பக்கம் முன்னால் என்ன வருகிறதென்று சுக்கான்காரருக்குத் தெரியாது. மூக்கில் இருப்பவன்தான் கண். "ரெண்டு கை இருக்கு மாமா... ஒரு கை... தாராளம், திருப்புங்க" என்று மிதவைக்கு எத்தனை கை நீளம் பாக்கி என்பதை அவன் சொல்லச் சொல்லத் திருப்ப வேண்டும். உலகத்தில் எவன் சொல்லையும் நம்பாத தராசு, வாரத்துக்கு ஒருநாள், ஒன்றரை மணி நேரம், இவன் ஒருத்தன் சொல்லை நம்பி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கே அது தெரியாது என்பதுதான் வேடிக்கை.

அந்த வருஷம் கோப்பைக்கு இரண்டே படகுதான் மிச்சம். இவர்களுடையதும் பல் டாக்டரின் வெள்ளைப் படகும். புள்ளி சமம். ஒரே ஒரு பந்தயம் பாக்கி. ஒன்பது வருஷத்தில் தராசு அந்தக் கோப்பையைக் கையால் தொட்டதில்லை.

கடைசிப் பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, காபிக் கடையில் மைத்துனனும் பல் டாக்டரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்ததைத் தராசு பார்த்துவிட்டார். நடுவில் ஒரு தாள். டாக்டர் பேனாவால் ஏதோ கோடு போடுகிறார், இவன் தலையை ஆட்டுகிறான்.

போதாதா? அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் மனைவியிடம் ஆரம்பித்தார்.

"உன் தம்பிக்குப் பல் வலியா?"

"இல்லையே, ஏங்க?"

"சும்மா கேட்டேன்."

"நீங்க சும்மா கேட்டதா சரித்திரமே இல்லையே!"

அடுத்த வாரம் முழுக்கத் துப்பறியும் வேலைதான். டாக்டரின் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மளிகைக் கடை. அந்தக் கடைத் தராசை மூன்று நாளில் மூன்று தடவை சோதித்தார். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "சார், நான் ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா சொல்லிடுங்க சார், இப்படி வந்து வந்து நிக்காதீங்க" என்று அழாத குறை. தராசின் பார்வை கல்லில் இருந்தால்தானே! எதிர் வாசலில் மைத்துனன் கருவிப் பெட்டியோடு நுழைவதையும், ஒரு மணி நேரம் கழித்து வருவதையும், டாக்டரே வாசல் வரை வந்து முதுகில் தட்டி அனுப்புவதையும் பார்த்தார். அந்தத் தட்டு அவருக்கு நெஞ்சில் விழுந்தது.

நடுவில் பந்தயம் இல்லாமல் பயிற்சிக்கென்று விட்டிருந்த புதன்கிழமை, படகில் மைத்துனனின் போன் குப்புறக் கிடந்தது. ஏன் குப்புற? "ஒரு கை இருக்கு" என்று சொல்லவேண்டிய இடத்தில் ஒரு நொடி தாமதம். ஏன் தாமதம்? வீட்டில் அக்காவோடு சமையலறையில் ஏதோ குசுகுசுவென்று பேசியவன், இவர் உள்ளே வந்ததும் நிறுத்திவிட்டான். ஏன் நிறுத்தினான்? ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துக் கட்டிக் கட்டி, கடைசிப் பந்தயத்தன்று காலையில் தராசின் மனசில் வழக்கு முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. இவன் அந்தப் பக்கம் போய்விட்டான். போகிற போக்கில் நம்மைக் கவிழ்த்துவிட்டும் போவான்.

வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்க மாட்டார். கேட்டால் உஷாராகிவிடுவானாம்.

பந்தயம் அன்று நல்ல காற்று. முதல் இரண்டு மிதவையையும் அழகாகச் சுற்றினார்கள். வெள்ளைப் படகு பின்னால் நாலைந்து படகு நீளத்தில் ஒட்டிக்கொண்டே வந்தது. மூன்றாவது மிதவையில் தராசு கொஞ்சம் நெருக்கிப் பிடித்தார்.

"ஒரு கை... அரைக் கை... மாமா, மாமா, தள்ளுங்க!" என்று கத்திய மைத்துனன், படகு திரும்பியதும் நிமிர்ந்தான். "தொட்டுச்சு மாமா. சுத்துங்க."

ஒரு வட்டம் என்றால் அரை நிமிஷம். அரை நிமிஷம் என்றால் கோப்பை போயிற்று.

"நான் பாக்கலையே" என்றார் தராசு.

"நான் பாத்தேன். சுத்துங்க மாமா."

தராசு தபால்காரம்மாவைப் பார்த்தார். "கயித்துல இருந்தேன் சார், நான் பாக்கல" என்றாள். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். தராசுக்குள் பத்து நாளாகக் கொதித்தது அப்படியே பொங்கி வாய்க்கு வந்துவிட்டது.

"யாருக்காகடா சொல்றே? அந்தப் படகுல உனக்கு எந்த இடம் தர்றேன்னு சொன்னான் உன் டாக்டர்?"

சுற்றாமல் நேரே ஓட்டினார். மைத்துனன் திரும்பி முன்னால் பார்த்து உட்கார்ந்துகொண்டான். அந்த முதுகு கரை வரை அசையவில்லை.

பதினோரு நொடி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். தராசு நேரே போய்த் தாளில் கையெழுத்தைப் போட்டார். கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். கைதட்டல் நடுவில் தேடினால் மைத்துனன் இல்லை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பாயை மடிக்காமல் போயிருந்தான்.

கோப்பை வீட்டு அலமாரிக்கு வந்தது. மனைவி அதைப் பார்க்கவே இல்லை.

"தம்பி போன் பண்ணான்" என்றாள். "டாக்டர் அவனைக் கூப்பிட்டது நெசம். முகத்துக்கு நேரே கேட்டாராம், என் படகுக்கு வர்றியான்னு. மாட்டேன், அது எங்க மாமா படகுன்னு சொல்லிட்டான். அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் மாடிக்கு நடுவுல நின்னு நின்னு போகுது, அதைத்தான் படம் போட்டுப் பேசிட்டிருந்தாங்க. உங்ககிட்ட சொன்னா கண்டதையும் நினைப்பீங்கன்னு நான்தான் சொல்ல வேணாம்னேன்."

"அப்ப ஏன் தொட்டுச்சுன்னு பொய் சொன்னான்?"

"அதை என்னைக் கேட்டா? நீங்கதானே பெரிய ஆபீஸர், போய்ச் சோதிச்சுப் பாருங்க!"

மறுநாள் விடிந்ததும் போனார். மிதவைகளுக்குப் பந்தயத்துக்கு முந்தின நாள்தான் ஆரஞ்சுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். தொட்டிருந்தால் படகில் ஒட்டியிருக்கும். ஒட்டியிருக்காது, அவன் முகத்துக்கு நேரே காட்டிவிடலாம் என்றுதான் போனார். படகுத்துறையின் பலகையில் குப்புறப் படுத்து, இடப்பக்க மூக்கை எட்டிப் பார்த்தார்.

பெயிண்ட் இல்லை. 'பாத்தியா!' என்று எழுந்திருக்கப் போனவர் மறுபடி குனிந்தார்.

அந்தப் பக்கம் முழுக்க ஒரு வருஷத்து அழுக்கு. பச்சையும் பழுப்புமாகப் பாசி. அதற்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் பளிச்சென்று சுத்தம். இருபத்தாறு வருஷமாகப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் என்ன? கடையில் எல்லாம் அழுக்காக இருந்து ஒன்று மட்டும் சுத்தமாக இருந்தால் அங்கேதான் கையை வை. வைத்தார். பெயிண்டைக் கரைக்கிற தின்னர் வாசனை. விளிம்பில் ஓடுகிற ரப்பர் பட்டையை நகத்தால் தூக்கினார். அடியில், நூல் கனத்துக்கு, ஆரஞ்சு.

கிளப் அறையில் ஆளுக்கொரு ஆணி உண்டு. மைத்துனனின் ஆணியில் தொங்கிய லிஃப்ட் கம்பெனிச் சட்டையின் பையில் கந்தல் துணி இருந்தது. அதுவும் ஆரஞ்சு.

தராசு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. வேறு என்ன சொல்ல? படகில் எல்லார் முன்னாலும் துரோகி என்று சொன்னவருக்காக, கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இவன் தண்ணீர் ஓரத்தில் முட்டி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

செயலாளரைப் போய்ப் பிடித்தார். தாளை வாங்கித் தன் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்தார்.

"யாரும் புகார் பண்ணலையே சார்!"

"நான் பண்றேன். எழுதிக்குங்க."

கோப்பையை டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மைத்துனனைத் தேடிப் போனார். ஏதோ குடியிருப்பு, ஆறாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்திருந்தது, குறுக்கே மஞ்சள் நாடா. உள்ளே, கீழே, கூண்டின் தலைமேல் குந்தி உட்கார்ந்து மைத்துனன் கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். தராசு அந்த வாசலில் மண்டிபோட்டுக் குனிந்தார்.

"ஏன்டா மாப்ள துடைச்சே?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். எதை என்று கேட்கவில்லை. "நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க. ஊர்ல ஒருத்தன் பாத்தாலும் உங்க வேலைக்கே அசிங்கம் இல்லையா? எடை பாக்கறவரே ஏமாத்திட்டாருன்னு சிரிக்க மாட்டாங்களா?"

"தாள்ல என் கையெழுத்த அடிச்சுட்டேன். கோப்பையக் குடுத்தாச்சு. தப்பு என்மேலதான். வர்ற புதன்கிழமை வந்துடுடா."

மைத்துனன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டான்.

"இல்ல மாமா. முன்னாடி உக்காந்து சொல்றவன் சொல்லை நம்பித்தான் பின்னாடி ஓட்டணும். இனிமே நான் ஒரு கைன்னு சொன்னா, நீங்க மனசுக்குள்ள அது அரைக் கையான்னு நிறுத்துப் பாப்பீங்க. எனக்கும் அது தெரியும். மிதவையில போய் மோதிடுவோம்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "வீட்டுக்கு வர்றேன். அக்காகிட்ட சொல்லுங்க."

வீட்டுக்கு வந்தான், போனான். படகுக்கு வரவில்லை. அடுத்த வருஷம் பந்தயம் தொடங்கியபோது வெள்ளைப் படகின் மூக்கில் உட்கார்ந்திருந்தான். எதைச் சந்தேகப்பட்டாரோ அதைத் தன் கையாலேயே நடத்திவைத்துவிட்டார் மனுஷன்.

இவர்கள் படகின் மூக்கில் இப்போது மருந்துக்கடைக்காரர். சொன்னேனே, கண் மட்டம். "இருக்கு சார்... இருக்குன்னுதான் நினைக்கிறேன்" என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு புதன்கிழமை, நல்ல காற்றில், எப்படியோ முன்னால் வந்துவிட்டார்கள். அந்த மூன்றாவது மிதவையில் வெள்ளைப் படகு இடப்பக்கம் கொஞ்சம் பின்தங்கி, கூப்பிடு தூரத்தில். தராசு நெருக்கித் திருப்பினார். சுக்கானில் ஏதோ லேசாக உரசினது மாதிரி ஒரு நடுக்கம். அலையாகவும் இருக்கலாம்.

"தொட்டுச்சா?"

"தொடலைன்னுதான் நினைக்கிறேன் சார்..."

தராசு எழுந்து நின்று வெள்ளைப் படகைப் பார்த்துக் கத்தினார். "டேய் மாப்ள! தொட்டுச்சாடா?"

பல் டாக்டர் தன் படகின் மூக்கில் இருப்பவனைப் பார்த்தார். மைத்துனன் தராசைப் பார்த்தான்.

"தொட்டுச்சு மாமா!"

தராசு சுக்கானைத் தள்ளினார்.

"சார்! என்ன பண்றீங்க?" தபால்காரம்மா அலறிவிட்டாள். "அவன் அந்தப் படகுக்காரன் சார்!"

"தெரியும்மா. கயித்த விடுங்க."

முழு வட்டம் அடித்தார்கள். அதற்குள் வெள்ளைப் படகு போய்விட்டது, அதற்குப் பின்னால் இன்னும் ஒன்றும் போய்விட்டது. மூன்றாவதாக வந்து சேர்ந்தார்கள். தராசு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாயை மடித்தார்.

விஷயம் அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது, தபால்காரம்மாவின் உபயம். மனைவி வாசலிலேயே நின்றாள்.

"படகுல பெயிண்ட் இருந்துச்சா? குனிஞ்சு பாத்தீங்களா?"

"இல்லையே."

"ஏங்க, நீங்களா பாக்காம வந்தீங்க?"

தராசு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"எதுக்கு? அவன்தான் சொல்லிட்டானே."