பாவிக்கு ஓட்டு கேட்ட தனபாலண்ணன்

தனபாலண்ணன் போயிட்டார். ஹார்ட் அட்டாக்.

காலையில் ஃபேக்டரி பஸ்ஸில் வரும்போது எஸ்எம்எஸ் வந்தது. ரெண்டு தடவை படிச்சேன்... பொம்மசந்திராவில் எல்லாரும் இறங்கின பிறகும் நான் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர் ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஒரே பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்தோம். வீடும் பெங்களூர் ஜீவனஹள்ளியிலேயே, ரெண்டு தெரு தள்ளி. கட்சி மட்டும் வேற வேற.

ரெண்டுமே எதிர்க்கட்சிதான். ஆனா ஆளுங்கட்சியைத் திட்டினதைவிட நாங்க ஒருத்தரை ஒருத்தர் திட்டினதுதான் ஜாஸ்தி. கேன்டீனில் நான் இருக்கிற டேபிளுக்கு வர மாட்டார். "அங்க காத்து சரியில்ல"ன்னு என் காதில் விழுற மாதிரி சொல்லிட்டு அடுத்த டேபிளுக்குப் போவார்.

அப்புறம் அந்த எம்.பி. எலெக்‌ஷன். தொண்ணூறுகளில்... எந்த வருஷம்னு சொல்ல மாட்டேன், கமென்ட்டில் சண்டைக்கு வருவீங்க.

எங்க தொகுதியில் எப்பவும் ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும். தனித்தனியா நின்னு தோத்துத் தோத்து, கடைசியில் எதிர்க்கட்சிங்க எல்லாம் சேர்ந்து ஒரு பொது வேட்பாளரை நிறுத்தினாங்க. யார் சின்னத்தில் நிற்கிறதுன்னு ஒத்துப்போகலை, அதனால் மனுஷன் சுயேச்சை. கிடைச்ச சின்னம் கிணறு.

தமிழ் நோட்டீஸ் எழுதுற வேலை அண்ணனுக்கு. அவங்க கட்சி எழுதினா எங்க கட்சி புரூஃப் பார்க்கணும்... எங்களுக்குள்ள அவ்வளவு நம்பிக்கை. பார்த்தது நான்.

கன்னடத்தில் கிணத்தை 'பாவி'ன்னு சொல்லுவாங்க. 'பஸ்'ஸில் வர்ற 'ப' மாதிரி சொல்லணும். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு, வீட்டில் தமிழ் பேசும்போதும் அது பாவிதான். கிணறுன்னு நான் வாயால் சொன்னதே கிடையாது.

அண்ணன் எழுதியிருந்தது இதுதான்: "உங்கள் பொன்னான வாக்குகளை பாவிக்கே அளியுங்கள்." மேலே வேட்பாளர் கும்பிட்டுக்கிட்டு சிரிக்கிற போட்டோ.

நான் நிதானமா படிச்சேன். 'வாக்குகளை'க்கு அப்புறம் ஒரு 'ப்' விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்து, 'ஓகே'ன்னு எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

பாதித் தெரு கொடுத்து முடிச்ச பிறகு, தர்மபுரியிலிருந்து புதுசா குடிவந்த ஒரு அம்மாதான் கேட்டாங்க. "ஏங்க, உங்க ஆளை நீங்களே பாவின்னு அடிச்சுக் குடுக்கறீங்களே, அவருக்குத் தெரியுமா?"

அப்பதான் எங்களுக்கு உறைச்சது.

மறுநாள் ஆளுங்கட்சிக்காரங்க அதை ஜெராக்ஸ் எடுத்து வீடு வீடா கொடுத்தாங்க. எங்க நோட்டீஸை எங்களைவிட அவங்கதான் ஒழுங்கா விநியோகம் பண்ணாங்க.

ஞாயித்துக்கிழமை அடுகோடியில் ஒரு லேத் ஒர்க்‌ஷாப்பில் கூட்டணி மீட்டிங். எழுதினது யாரு, புரூஃப் பார்த்தது யாருன்னு கேட்டாங்க.

அண்ணன் எழுந்தார். "எழுதுனதும் நான், பாத்ததும் நான். அவசரத்துல அந்தப் பொண்ணுகிட்ட காட்டவே இல்ல."

நான் வாயைத் திறக்கலை.

பூத் ஏஜென்ட் பொறுப்பிலிருந்து அவரைத் தூக்கிட்டாங்க. எல்லா எலெக்‌ஷனிலும் அந்த பூத்தில் உட்கார்ந்தவர்... ஜெயிக்கிறதுக்கு வாய்ப்பு இருந்த ஒரே எலெக்‌ஷனில் அவருக்கு உள்ளே இடம் இல்லை. அந்த இடத்தை எனக்குக் கொடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன்.

மறுநாள் பஸ்ஸில் முதல் தடவையா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏண்ணா அப்படி சொன்னீங்க?"ன்னு கேட்டேன்.

"உன்ன ஒரு வார்த்தை சொன்னாங்கன்னு வை, உங்காளுங்களுக்கு அதுவே சாக்கு. சாயங்காலமே கூட்டணிய விட்டு எழுந்து போயிடுவானுங்க. இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு சரளா, சொல்ப கம்முனு இரு."

அந்த ஒரு வாரமும் ஷிஃப்ட் முடிஞ்சதும் வீடு வீடா போனார். "நோட்டீஸ்ல போட்ட பாவி நான்தாம்மா. சின்னம் கெணறு." ஜனங்க சிரிச்சாங்க. சில வீட்டில் உள்ளே கூப்பிட்டு காபியும் கொடுத்தாங்க.

ஓட்டு நாளன்னிக்கு நான் உள்ளே, அவர் வெளியே வெயிலில். மத்தியானம் எனக்கு சித்ரான்னம் கட்டி அனுப்பியிருந்தார். டப்பா மேல ஒரு சீட்டு... 'கூட்டணிக்கு. காரம் கம்மி.'

தோத்துட்டோம். ஆனா எங்க பூத்தில் நாங்கதான் முன்னாடி. ஓடிப்போய்ச் சொன்னேன். "சுள்ளு சொல்லாத"ன்னார், நான் பொய் சொல்றேன்னு நினைச்சு. அப்புறம் சட்டையை மாட்டிக்கிட்டு தெருமுனை வரைக்கும் போய், பார்த்தவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு வந்தார்.

கூட்டணி அந்த வருஷமே உடைஞ்சது. நாங்க மறுபடியும் சண்டை, இந்தத் தடவை ஒரே டேபிளில்.

ஆனா 'பாவி தனபால்'ங்கிற பேர் அவர் மேல ஒட்டிக்கிச்சு. கேன்டீனில், தெருவில், அவர் பொண்ணு கல்யாணத்தில்கூட. நான் பக்கத்தில் இருக்கும்போது யாராவது அப்படிக் கூப்பிட்டா, என் பக்கம் திரும்பவே மாட்டார். எனக்கு சங்கடமா இருக்கும்னு அவருக்குத் தெரியும்.

எனக்குக் கட்சியில் கிடைச்ச மகளிரணிப் பொறுப்பு அந்த பூத்தில் உட்கார்ந்ததால்தான் கிடைச்சது. அதையும் சொல்லிடறேன்.

இன்னிக்குக் காலையிலிருந்து யாருக்கு போன் பண்ணாலும், "யாரு, பாவி தனபாலா?"ன்னுதான் கேட்கிறாங்க. பாசமாத்தான் கேட்கிறாங்க. எனக்குத்தான் தாங்கலை.

அந்த நோட்டீஸுக்கு 'ஓகே' போட்டது நான். முதல்ல பயத்தில் சொல்லலை, அப்புறம் சொல்லாமலே பழகிப்போச்சு. கட்சிக்காரங்களும் இதைப் படிப்பீங்க... தெரிஞ்சுக்கங்க.

மன்னிச்சுடுங்கண்ணா. இத்தனை வருஷம் உங்களை மட்டும் பாவியா விட்டுட்டேன்.

போயிட்டு வாங்க.