பெரிய கேமராவும் கொம்புப் பூச்சியும்

எக்வடோர் மலைகளில், நானெகால் ஊருக்கு மேலே, மேகம் சாலையில் இறங்கி நிற்கும் வளைவில் எத்தெல்வினாவின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய விதவை, நல்ல கைமணம். அங்கே மரியாதைக்கு ஆணைத் 'தோன்' என்றும் பெண்ணைத் 'தோன்யா' என்றும் கூப்பிடுவார்கள். அவளுடைய உருளைக்கிழங்கு சூப்புக்காகவே லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்துவார்கள். அவளுக்குப் பூச்சிகள் மேல் பைத்தியம் என்பது மட்டும் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால், "சூப்புல என்ன மிதக்குது தோன்யா?" என்று ஆயுசுக்கும் கேலி செய்வார்கள். அதனால், சாலையோரத்தில் இருக்கும் ஒரு புதரைப் படம் எடுப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள்.

உண்மையில் அவள் எடுத்தது அந்தப் புதரில் குடியிருந்த ஒரு தத்துப்பூச்சியை. எள்ளைவிடச் சற்றுப் பெரிது. முதுகில் மூன்று கொம்பு, நடுக்கொம்பில் ஒரு நீல வளையம். வேறெந்தச் செடியிலும் அதை அவள் பார்த்ததில்லை. தாய்ப்பூச்சி முட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டால் மழை கொட்டினாலும் நகராது. பிள்ளை பெறாத எத்தெல்வினாவுக்கு அதைப் பார்த்தால் எழுந்து போக மனம் வராது.

அவசரத்தில் எடுத்த மங்கலான படம் ஒன்றைத் தலைநகர் கித்தோவில் பூச்சி ஆராய்ச்சி செய்யும் நார்சிஸாவுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"தோன்யா, இதை நான் எங்கயுமே பாத்ததில்ல. இன்னும் பேரே வைக்காத பூச்சியா இருக்கலாம். ஆனா இந்த மங்கலை வச்சு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. கண்ணுலேர்ந்து வால் வரைக்கும் ஒரே படத்துல தெளிவா வேணும். அப்படி ஒண்ணு எடுத்து அனுப்புங்க, அன்னைக்கே பஸ் ஏறிடறேன்."

அந்த நேரம் பார்த்துப் பழைய கேமரா படுத்துக்கொண்டது. மேகம் இறங்கும் இந்த ஈரத்தில் கேமராவைப் பல்பு எரியும் அலமாரியில் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். அந்த வருடத்து மின்வெட்டில் பல்பு அணைந்தே கிடந்தது. கேமராவுக்குள் பூஞ்சை பூத்துவிட்டது.

புதிதாக எந்தக் கேமரா வாங்குவது? பழையதைப் போலவே சின்ன சென்சார் போதும் என்று அவள் கைக்கே தெரியும். அதில் பூச்சியின் உடம்பு முழுவதும் ஓரளவு தெளிவாக விழும். பெரிய சென்சாரில், அத்தனை நெருக்கத்தில், தெளிவு காகிதத்தின் கனத்துக்குச் சுருங்கிவிடும். கண் தெளிந்தால் கொம்பு மங்கும். நிறையப் படங்கள் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்ட வேண்டும். நடுவில் இலை மயிரிழை அசைந்தாலும் எல்லாம் பாழ்.

ஆனால் அவள் சேர்ந்திருந்த கேமரா சங்கத்துப் பல் டாக்டர் ஃபவுஸ்தோ சிரித்தார். "அது விளையாட்டுச் சாமான் தோன்யா. பேரப்பிள்ளைங்க இருந்தா வாங்கிக் குடுங்க. பெருசா வாங்குங்க, அப்புறம் திரும்பியே பாக்க மாட்டீங்க."

பேரப்பிள்ளைகள் என்ற சொல் அவளைச் சுருக்கென்று குத்திவிட்டது. வளர்த்த கிடாரியை விற்றுப் பெரியதையே வாங்கினாள். வீம்பு. வேறென்ன சொல்ல?

அந்தச் சரிவில் காற்று ஓய்ந்ததே இல்லை. விடிந்ததும் போய் மண்டியிடுவாள். ஒரு படத்தில் கண், ஒன்றில் கொம்பு, ஒன்றில் பின்னங்கால் மட்டும் தெளிவாக விழும். ஒட்டிப் பார்த்தால் பூச்சிக்கு இரண்டு தலை இருக்கும். நாளைக்குக் காற்று நிற்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடை திறக்கப் போவாள்.

இப்படி இருக்கையில் ஊரே கூடி வேலை செய்யும் மிங்கா நாள் வந்தது. அன்று வீட்டுக்கு ஒருவர் வெட்டுக்கத்தியோடு வந்து சாலையோரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். எத்தெல்வினாவின் பங்கு சமையல். முன்னின்று நடத்தும் ருப்பெர்த்தோவிடம் காலையிலேயே கண்டித்துச் சொன்னாள்.

"தோன் ருப்பெர்த்தோ, என் செடி மேல கத்தி பட்டுச்சு, உங்களுக்கு சூப் கிடையாது."

"ஐயோ, அந்தத் தண்டனை வேண்டாம் தாயே! யாரும் தொட மாட்டோம்."

மத்தியானம் எல்லாரும் சாப்பிட வந்தார்கள். ருப்பெர்த்தோவின் முகம் கல்யாண மாப்பிள்ளை போல் பூரித்திருந்தது.

"உங்க செடியில ஒரு இலை விழல தோன்யா. ஆனா நீங்க சரியாவே பாக்கல போல. தண்டு பூரா கொம்பு வச்ச சனியனுங்க ஒட்டிக்கிட்டுச் சாறு குடிக்குது! நம்ம நரஞ்சியாப் பழத் தோட்டத்துப் பூச்சி மருந்து வண்டியிலேயே இருந்துச்சு. நல்லா நனையற மாதிரி ரெண்டு தடவை அடிச்சுவிட்டேன். இனிமே உங்க படம் சுத்தமா வரும் பாருங்க."

தினமும் பழத்துக்கு மருந்தடிக்கும் கை. அந்த மனுஷனைத் திட்டி என்ன பயன்? செடியைத்தான் படம் எடுக்கிறேன் என்று சொன்னது அவள்தானே. அவன் கிண்ணத்தில் சூப்பை ஊற்றினாள். அவன் கேட்டபோது இன்னொரு கரண்டியும் ஊற்றினாள். பிறகு வளைவுக்கு ஓடினாள்.

மருந்து வாடை மூக்கை எரித்தது. உதிர்ந்தவை போக, ஒரு தாய் மட்டும் இலையில் முட்டைகளை அணைத்தபடியே செத்திருந்தது. அந்த இலையைக் கிள்ளி எடுத்து வந்து, சமையலறைக் கதவைச் சாத்தி, மேசை மேல் வைத்துப் பெரிய கேமராவைப் பொருத்தினாள். காற்று இல்லை. எதுவும் அசையவில்லை. வரிசையாக எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஒட்டினாள். பெரிய கேமரா சொன்னதைச் செய்தது. கண், நீல வளையம், காலின் ரோமங்கள், வால் நுனி எல்லாமே ஒரே படத்தில் தெளிவாக இருந்தன.

அதை நார்சிஸாவுக்கு அனுப்பினாள். ஏன் அனுப்பினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. உடனே பதில் வந்தது.

"தோன்யா! எப்படி இவ்வளவு அசையாம உக்காந்துச்சு? பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். நான் வர்ற வரைக்கும் பத்திரமா பாத்துக்குங்க."

எத்தெல்வினா மேசை மேலிருந்த இலையை ஒரு சூப்புக் கிண்ணத்தால் மூடினாள். வெளியே ருப்பெர்த்தோ இன்னும் சூப்பைப் புகழ்ந்துகொண்டிருந்தான்.