பிலோ அக்கா கழுவிய டம்ளர்கள்

கம்பெனியில் கூட வேலை பார்த்த செல்வி போன் செய்தபோது நான் தவளக்குப்பத்தில் மீன்காரம்மாவிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். "பிலோ அக்கா போயிட்டாங்கடி. தூக்கத்துலயே" என்றாள். வாங்கிய மீனைப் பையில் போடவும் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

தட்டாஞ்சாவடி அட்டைப்பெட்டி கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்குப் பிலோமினா அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் மடித்து ஒட்டும் பெட்டிகளைச் சரிபார்ப்பவர் அவர். எரிச்சல் வந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார். நேரே குழாயடிக்குப் போய், அங்கே கிடக்கும் டீ டம்ளர்களைக் கழுவுவார். யார் குடித்தது என்று பார்க்கமாட்டார். "இன்னிக்கு அக்காவுக்கு ஆறு டம்ளர் கோவம்" என்று நாங்கள் சிரிப்போம். முதலாளி கத்திய நாட்களில் ஒரு டம்ளர்கூட மிஞ்சாது.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். முதலாளி என்னைத் திட்டிய ஒருநாள், அவரைப் பார்த்து நானும் கழுவப் போனேன். தேய்த்த தேய்ப்பில் கண்ணாடி டம்ளர் உடைந்து கையைக் கிழித்துவிட்டது. என் கையில் துணி சுற்றிக்கொண்டே அக்கா சிரித்தார். "அந்த ஆள நெனச்சிக்கினே கழுவுனா இப்டிதான் ஆவும். தண்ணி சில்லுனு இருக்குதா, நுரை போச்சா, அத மட்டும் பாரு. மனசு வேற எங்கியாச்சும் போச்சுன்னா திரும்ப இட்டாந்து டம்ளர்ல வையி" என்றார்.

ஒரு மாலை, வேலை முடிகிற நேரத்தில், நான் ஒட்டிய பெட்டிக் கட்டைத் திருப்பி அனுப்பினார். ஓரங்கள் பிரிந்திருந்தன, தப்பு என்னுடையதுதான். வீட்டில் மகளுக்குக் காய்ச்சல். "புள்ளகுட்டி இருந்தாதானே வீட்டுக்கு ஓடற அவசரம் தெரியும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். கல்யாணமே செய்துகொள்ளாதவரிடம் அதைச் சொன்னேன்.

அக்கா குழாயடிக்குப் போனார். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அழுக்கு டம்ளரைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, "எனக்கு வலிச்சிது. நீ வீட்டுக்குப் போ, இத நான் ஒட்டிடறேன்" என்றார்.

மறுநாள் வழக்கம்போல் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டார். அவருடைய நல்ல மனசு எனக்கு வசதியாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்காமலே எட்டு வருடத்தை ஓட்டிவிட்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் அதே மகள் என்னை முகத்தில் அடித்தாற்போல் பேசினாள். பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தவள், "எனக்கு வலிச்சிதுடி" என்று மட்டும் சொன்னேன். அரை மணி நேரம் கழித்து வந்து "சாரிம்மா" என்றாள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு இருக்கிற துணிச்சல் எனக்கு இல்லையே என்று அன்றே தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை உழவர்கரையில் அக்கா வீட்டுக்குப் போய் அவரைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு வேறு வேலை வந்தது, அடுத்த ஞாயிறும் வந்தது. கடைசியில் அவருடைய அடக்கப் பூசைக்குத்தான் போனேன்.

கோபத்தை விழுங்காமலும் பிறர்மேல் துப்பாமலும், வலித்தது என்று சொல்லிவிடுகிற பழக்கத்தை அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். அன்று என் பேச்சைக் கம்பெனியில் இருந்த நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். இதையும் உங்கள் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க அக்கா.