கதவை மெல்லச் சாத்தியவர்

கார் ஷோரூமில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். வைத்தவர் மேனேஜர். விற்பனைப் பையன்கள் வாய் ஓயாமல் வண்டியின் பெருமையைக் கொட்டி முடித்த பிறகு, சாவியை எடுத்துக்கொண்டு அவள் வருவாள். வாடிக்கையாளர் ஓட்டிப் பார்க்க, பின்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்வாள். "லெஃப்ட் சார்", "முன்னாடி மேடு சார்". அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு சொல்லை அவளிடமிருந்து பிடுங்க முடியாது.

"உனக்கு வாயில பூட்டு, கையில மட்டும் சாவி" என்று அவளுடைய அக்கா கிண்டல் செய்வாள்.

வாய்க்கும் சேர்த்துக் கண் வேலை செய்தது. ஒரு ஆள் எப்படிப்பட்டவர் என்பதை அவர் கார்க் கதவைச் சாத்துகிற விதத்தை வைத்தே எடைபோட்டுவிடுவாள். அறைந்து சாத்துகிறவர் வீட்டிலும் அறைகிறவர். அவள் புருஷன் அப்படித்தான். முன்பல் ஒன்றை அந்த வீட்டில் விட்டுவிட்டுத்தான் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அதனால் அந்தக் கணக்கில் அவளுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது.

அன்றைக்கு டைல்ஸ் கடைக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். புதிதாக இறங்கியிருந்த பிரீமியம் ஹேட்ச்பேக் அது. செக்கச்செவேலென்று, இன்னும் சீட்டின் பிளாஸ்டிக் வாசனைகூடப் போகாமல் நின்றது. கடைக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பானெட்டைப் புறங்கையால் தடவினார். ஏறி உட்கார்ந்து, தூங்குகிற குழந்தையின் அறைக் கதவைச் சாத்துவதுபோல மெல்லச் சாத்தினார். நல்ல மனுஷன் என்று அவள் மனசுக்குள் எழுதிக்கொண்டாள்.

மனைவி முன்சீட்டில் ஏறக் காலை வைத்தார்.

"ஏய், செருப்பத் தட்டிட்டு ஏறு. மண்ணு."

மனைவி இறங்கி, இரண்டு செருப்பையும் தட்டி, பிறகு ஏறினார்.

வண்டி வழுக்கிக்கொண்டு போனது. "சத்தமே இல்ல பாரேன்! வீட்டு ஹால்ல உக்காந்திருக்க மாதிரி இருக்கு" என்றார் கடைக்காரர். ஸ்டீயரிங் ஒரு விரலுக்குத் திரும்புகிறது என்றார். இழுவை பிரமாதம், வளைவில் குலுங்கவே இல்லை என்றார். மேற்கூரைக் கண்ணாடியைத் திறந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தார். மனைவி எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார்.

பேருந்துப் பணிமனையைத் தாண்டிய குறுகலில், பார்சல் கொண்டுபோகிற ஒருவன் பைக்கில் ஒட்டி வந்தான். அவன் கைப்பிடி காரின் பக்கக் கண்ணாடியில் டக்கென்று தட்டியது. கண்ணாடி மடங்கிக்கொண்டது. கீறல்கூட இல்லை. அவன் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

கடைக்காரர் ஆக்ஸிலரேட்டரில் காலை அழுத்தினார்.

"சார், மெதுவா" என்றாள் அவள். கார் சீறியது. அடுத்த தெருவில் பைக்கை மறித்து நிறுத்தினார். இறங்கினார். அப்போதும் கதவை மெல்லத்தான் சாத்தினார்.

பார்சல்காரன் ஹெல்மெட்டைக் கழற்றியது தப்பாகப் போயிற்று. அதைப் பிடுங்கி அதனாலேயே அவன் முகத்தில் அடித்தார். மூக்கு உடைந்தது. பைக்கோடு சாய்ந்தவனை இழுத்துப்போட்டுக் காதோரம் அடித்தார். அவன் "அண்ணே, அண்ணே" என்றான். ஒவ்வொரு அண்ணேக்கும் ஒரு அடி விழுந்தது. தெருவில் நாலைந்து பேர் கூடினார்கள். கிட்டே போக ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

அவள் இறங்கி ஓடி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். முழங்கை அவள் வாயில் வந்து இடித்தது. உதடு கிழிந்து, பின்னால் போய்க் காரின்மேல் விழுந்தாள். அவள் இடுப்புச் சாவிக்கொத்து கதவில் கிறீச்சென்று கோடு போட்டது.

கடைக்காரர் சட்டென்று திரும்பினார். கையில் ரத்தம் சொட்டுகிற ஹெல்மெட்.

"ஏம்மா, பாத்து! பெயிண்ட் போயிடும்!"

சொல்லிவிட்டு மறுபடியும் அடிக்கக் குனிந்தார்.

அவளுக்குப் பொறிதட்டியது. ஓட்டுநர் சீட்டில் ஏறிக் கதவைப் பூட்டினாள். என்ஜின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. பக்கத்தில் கடைக்காரரின் மனைவி மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வேணாம் தங்கச்சி. இன்னும் கொஞ்ச நேரத்துல அவருக்குக் கை வலிக்கும். தானா நின்னுடும்."

"அதுக்குள்ள அந்த ஆளு செத்துருவான்கா."

கொஞ்சம் பின்னால் எடுத்து, எதிரே இருந்த விளக்குக் கம்பத்தில் கொண்டுபோய் இடித்தாள். முகப்பு விளக்கு நொறுங்கிக் கொட்டியது.

பெற்ற பிள்ளையை யாரோ வெட்டியதுபோலக் கடைக்காரர் அலறினார். அடித்துக்கொண்டிருந்தவனை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். நசுங்கிய மூலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை அவள் பக்கத்துக் கண்ணாடிக்கு நேராக ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. இறங்கிவிட்டது.

"பாத்தியா, கண்ணாடிய அடிக்க மனசு வரல" என்றார் அந்த அம்மா. கோபமாக அல்ல, ஏதோ புதிதாகத் தெரிந்துகொண்டவர்போலச் சொன்னார்.

வெளியே கூட்டத்துக்கு அப்போதுதான் கால் வந்தது. இரண்டு பேர் பார்சல்காரனைத் தூக்கப் போனார்கள். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். "எவன்டா தொடறது? எல்லாம் அவனாலதான்டா!" என்று அந்தப் பக்கம் பாய்ந்தார். தூக்கியவர்கள் போட்டுவிட்டு விலகினார்கள். விழுந்தவன் வயிற்றில் உதை விழுந்தது.

அவள் ரிவர்ஸ் எடுத்து இன்னொரு முறை இடித்தாள். பானெட் மடங்கி எழுந்தது. "ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தவர், இந்தத் தடவை அழுதார். "உன் காலுல விழறேன்மா, நிறுத்தும்மா" என்று நிஜமாகவே ரோட்டில் மண்டிபோட்டார்.

அவருக்குப் பின்னால் ஒரு மினி லாரி வந்து நின்றது. பார்சல்காரனை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கை தொங்கியது. லாரிக்காரர் அவசரத்தில் ஹாரன் அடித்துவிட்டார். கடைக்காரரின் தலை அந்தப் பக்கம் திரும்ப ஆரம்பித்தது.

"இன்னொரு தடவ" என்றார் அந்த அம்மா, டாஷ்போர்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

இடித்தாள். லாரி தெரு முனையைத் தாண்டிய பிறகுதான் என்ஜினை அணைத்தாள்.

பார்சல்காரன் பிழைத்தான். ஒரு காது மட்டும் கேட்காமல் போயிற்று. கடைக்காரரைப் போலீஸ் கொண்டுபோனது. அந்த அம்மா இடித்ததில் கழன்றுபோன செருப்பைக்கூடத் தேடாமல் தன் அண்ணன் வீட்டுக்கு ஆட்டோ ஏறினார்.

மறுநாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு நிற்கவைத்தார். இனி வேலை இல்லை என்பது அவர் முகத்திலேயே இருந்தது. மேஜைமேல் நொறுங்கிய காரின் படங்கள்.

"ஒரு தடவ இடிச்சா விபத்துன்னு சொல்லிக் காப்பாத்துவேன். மூணு தடவ இடிச்சிருக்கியேம்மா, நான் மேலிடத்துக்கு என்னன்னு சொல்லுவேன்?"

அவள் சாவியை மேஜையில் வைத்தாள். தைத்த உதடு வலித்தது.

"ரெண்டு பத்தல சார்" என்றாள்.