நெஞ்சுக்குள் ஒரு பற்றறி

என் கணவர் முதன்முதலாக விழுந்தபோது முற்றத்தில் குந்தியிருந்து தோணிப் பாய் தைத்துக்கொண்டிருந்தார். வடகரையில் சரக்குத் தோணி ஓட்டிய தண்டையல் அவர். புயலிலும் கால் தடுமாறாதவர் என்று பெயர். ஊசி கையில் இருக்க, பேச்சின் நடுவில், அப்படியே சரிந்தார். உதடு வெளுத்து, முகம் சாம்பல் பூத்துவிட்டது. நான் ஓடிப்போய்த் தலையைத் தூக்குவதற்குள் ஒரு மூச்சு இழுத்தார். முகம் திடீரென்று செக்கச் சிவந்தது.

"ஏன் எல்லாரும் சுத்தி நிக்கிறியள்?" என்று கேட்டார்.

அயலவர்கள் வலிப்பு என்றார்கள். அடுத்த தடவை விழுந்தபோது யாரோ ஓடிவந்து கையில் பூட்டுத் திறக்கிற இரும்புத் திறப்பைத் திணித்தார்கள். கோயிலில் நூல் கட்டினோம். ஆனால் அவருக்கு நுரை தள்ளவில்லை, கைகால் இழுக்கவில்லை. செத்துப்போனவர் எழுந்து வருவது போலத்தான் ஒவ்வொரு தடவையும் இருந்தது. ஒருநாள் எழும்பாமல் கிடந்துவிடுவார் என்று எனக்குள் ஒரு நடுக்கம் குடிகொண்டது.

கிணற்றுக்கட்டில் விழுந்து மண்டை உடைந்த பிறகுதான் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். காயத்துக்குத் தையல் போட வந்த டாக்குத்தர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி பிடித்தார். வெளியே போய், சில்லு வைத்த ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரச் செய்தார். இருதயத்தின் துடிப்பைக் கோடாக எழுதும் இயந்திரம் என்றார்கள். கையிலும் காலிலும் கம்பி பூட்டினார்கள். கடதாசி நாடா சுருள் சுருளாக வந்து விழுந்தது.

"அம்மா, இது வலிப்பில்லை," என்று டாக்குத்தர் அந்த நாடாவை என் முன்னால் பிடித்தார். "இருதயத்தின்ரை மேலறை குடுக்கிற கட்டளை கீழறைக்குப் போய்ச் சேரேல்லை. கீழறை தன்ரை பாட்டுக்கு ஆறுதலா, மெள்ள அடிக்குது. இடைக்கிடை அடிக்காமலே நிண்டுபோகுது. அப்பதான் விழுறார்."

"மருந்து இருக்கோ?"

"மருந்தாலை மாறாது. இப்ப புதுசா ஒரு சாமான் வந்திருக்கு. நெஞ்சுத் தோலுக்குக் கீழை மின்சாரம் குடுக்கிற பற்றறி ஒண்டை வைச்சு, கம்பியை இருதயத்துக்குள்ளை விடுறது. அது விடாமல் அடிக்கப் பண்ணும்."

கொழும்பில் வைத்தார்கள். அது எழுபதுகளின் நடுப்பகுதி. தோளெலும்புக்குக் கீழே தோலைத் தள்ளிக்கொண்டு அந்தப் பற்றறிப் பெட்டி புடைத்து நின்றது. விழுவது நின்றது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த டாக்குத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பற்றறி இரண்டு வருஷம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம் தாங்கும். காலையில் எழும்பியதும் நாடி பார்க்க வேண்டும். நிமிஷத்துக்கு எழுபதில் நிற்கும். அது இறங்கத் தொடங்கினால் பற்றறி முடிகிறது என்று அர்த்தம். உடனே புறப்பட்டு வர வேண்டும். வழியில் மூச்சுப் பேச்சில்லாமல் போனால் நெஞ்செலும்பில் எப்படிக் குத்துவது என்று மேசையில் குத்திக் காட்டினார்.

அன்றிலிருந்து விடிந்தால் அவருடைய கை என் கையில் இருக்கும். அவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பார்.

"என்னவாம்?"

"சரியா நிக்குது."

இரண்டு வருஷம் கழிந்து, ஆவணி மாதத்தில் ஒரு காலை நாடி குறைந்திருந்தது. பிழையாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். குறைவுதான். என் முகத்தைப் பார்த்தே அவர் விளங்கிக்கொண்டார்.

அந்தக் கிழமைதான் தெற்கில் கலவரம் வெடித்து எங்கள் தமிழ் ஆட்களை அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். கொழும்பு ரயில் நின்றுவிட்டது. பெரியாஸ்பத்திரி டாக்குத்தர் தலையில் கை வைத்தார். "இஞ்சை மாத்த வசதியில்லை. ரோட்டாலை அனுப்ப எனக்குத் துணிவில்லை அம்மா."

நாடி நாளுக்கு நாள் இறங்கியது. தோணியை இப்போது ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய தம்பி வந்து வாசலில் நின்றான்.

"அண்ணி, வெளிக்கிடுங்கோ. அக்கரைக்குப் போவம். தமிழ்நாட்டிலை மாத்துவினம். விசாரிச்சிட்டன்."

"கடலிலை ஏதும் நடந்தால்?"

"இஞ்சை நடந்தால் மட்டும் என்ன செய்யப் போறியள்?"

என் கணவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

வெயில் தணிய, தம்பி கொண்டுவந்த எஞ்சின் வள்ளத்தில் ஏறினோம். தென்மேற்குச் சோளகக் காற்றில் அலை பக்கவாட்டில் அறைந்தது. அவர் தலையை மடியில் வைத்து மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தேன். எஞ்சின் அதிர்வில் வள்ளத்தின் துடிப்பு எது, அவருடைய துடிப்பு எது என்று தெரியவில்லை. விரலைக் கழுத்துக்கு மாற்றினேன். கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் அந்தப் பழைய சாம்பல் நிறம் அவர் முகத்தில் ஏறுவதைக் கண்டேன்.

"நிப்பாட்டு! எஞ்சினை நிப்பாட்டு!"

எஞ்சின் நின்றது. விரலுக்கடியில் ஒன்றுமே இல்லை. கையை முட்டியாக்கி நெஞ்சில் குத்தினேன். அசைவில்லை. என் பலமெல்லாம் சேர்த்து மறுபடி குத்தினேன். ஒரு பெரிய மூச்சு இழுத்தார். முகம் சிவந்தது. தம்பி சுக்கானில் தலையை வைத்து அழுதான்.

"ஏன் எஞ்சினை நிப்பாட்டினனீ?" என்றார் என் கணவர். "வள்ளத்தைக் காத்துக்குக் குறுக்கை விடாதை."

அக்கரை சேரும்வரை இன்னும் சில தடவை குத்த வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றியபோது நெஞ்சு நீலம் பாரித்துக் கிடந்தது. முதலில் கைநரம்பு வழியாக ஒரு கம்பி விட்டு இருதயத்தை ஓட வைத்தார்கள். பிறகு புதிய பெட்டி வைத்தார்கள். இது வேறு வகை, பல வருஷம் உழைக்கும் என்றார்கள்.

உழைத்தது. எண்பதுகள் பிறந்தன. ஒருநாள் காலை அவர் நெஞ்சைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். வேர்த்துக் கொட்டியது. "பாறாங்கல்லை ஏத்தின மாதிரிக் கிடக்கு," என்றார். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பேச்சு நின்றுவிட்டது. மாரடைப்பு என்றார்கள். கம்பி பூட்டினார்கள். நாடாவில் ஒரே இடைவெளியில் சின்னச் சின்னக் கோடுகள் நிமிர்ந்து நிமிர்ந்து வந்தன. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அடிக்குதுதானே டாக்குத்தர்?"

"அது பற்றறி, அம்மா. அது சரியாத்தான் வேலை செய்யுது. இருதயம் அதுக்குப் பதில் குடுக்கேல்லை."

சுடலையில் நெருப்புப் பட்டால் பெட்டி வெடிக்கும் என்று, உடலைத் தருமுன் அதை வெட்டி எடுத்தார்கள். தம்பி டாக்குத்தரிடம் மெதுவாகக் கேட்டான்.

"அது இன்னும் அடிச்சுக்கொண்டோ இருக்கு?"

"ஓம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"வருஷக்கணக்கா."

தாதி அதைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள். நான் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினேன்.